வாசனைக் கட்டம்

மே 19, திங்கள்

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு இன்று சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டேன். பெல்ட்டுக்கு ஒரு புது ஓட்டை தேவைப்பட்டது. மனைவி எஸ்தர் ஆணியைக் காய்ச்சிப் போட்டுக்கொடுத்தாள். "கல்யாண மாப்பிள்ளை கணக்கா இருக்கிய" என்றாள். எழுபத்துமூன்று வயதில் அப்படி யாரும் இருக்க முடியாது.

எட்டரைக்கு சென்னப்பனின் ஜீப் வந்தது. அரசுக் கல்லூரியில் என்னிடம் வேதியியல் படித்தவர். இப்போது அவருக்கே ஐம்பத்திரண்டு வயது, கிருஷ்ணகிரிக்கு வெளியே மாங்கூழ் ஆலை வைத்திருக்கிறார். பழைய மாணவரை 'நீ' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. 'நீங்க' என்றேன். அவர் சிரித்தார்.

ஆலைக்கு வரும் பழத்தில் பாதி கூழாகிறது. மீதிப் பாதி தோலும் கொட்டையும். அதை இத்தனை வருடமாக ஆலைக்குப் பின்னால் ஏரிச் சரிவில் கொட்டியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, நோட்டீஸ் வந்துவிட்டது. இந்த சீசன் முடிவதற்குள் கழிவை என்ன செய்யப்போகிறார் என்று எழுத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஆலை ஓடாது. அறுபது பெண்கள் வேலை செய்கிறார்கள்.

தோலில் பாலிபீனால்கள் இருக்கின்றன. தோலைக் கடித்தால் நாக்கில் பிடிக்கிற துவர்ப்பு அவற்றால் வருவதுதான். அவற்றைப் பிரித்தெடுத்து மாத்திரையில் சேர்க்கும் கம்பெனிகள் உண்டு. பெங்களூரில் ஒரு கம்பெனி கேட்டிருக்கிறதாம். காய்ந்த தோலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பிரித்தெடுக்கும் இயந்திரத்தை சென்னப்பன் போட வேண்டும்.

"இருக்கா இல்லையான்னு நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னா கண்ண மூடிகினு நம்புவேன்."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

கழிவுமேட்டைப் பார்க்கப் போனோம். சென்னப்பன் கைக்குட்டையை எடுத்தார், டிரைவர் துண்டை எடுத்தார். தோல் விழும் இடத்தில் பெண்களுக்குத் தலைவியாக இருக்கும் சாலம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இருபது வருசமா இருக்கோம், எங்களுக்கே கொடலப் பொரட்டுது. சாரு பாரு, ரோஜாத் தோட்டத்துல நிக்கிற மாதிரி நிக்கிறாரு!" எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வகத்தில் முப்பது வருடம் பழகியது என்று சொன்னேன்.

மே 20

பாய்லருக்குப் பக்கத்தில் சாக்கு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்கள். தராசு, உலர்த்தும் பெட்டி, நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு பழைய கருவி. வேலைக் குறிப்புக்குத் தனி நோட்டு வாங்கி ஏழு கட்டம் போட்டேன். தேதி, பேட்ச் எண், நிறம், வாசனை, ஈரம், எடை, அளவு. கல்லூரியிலும் இதே வரிசைதான். கண்ணும் மூக்கும் முதலில், கருவி பிறகு என்று பையன்களிடம் சொல்வேன்.

மே 21

முழங்கால் வலி. போகவில்லை.

மே 24, சனி

முதல் முடிவு. தோலைக் கழுவி, உலர்த்தி, பொடித்து, சாராயக் கரைசலில் ஊறவைத்து வடித்தேன். வடிநீரில் ஒரு மஞ்சள் வினைக்கரைசலை ஊற்றினால் பாலிபீனால் இருக்கும் அளவுக்கு நீலம் ஏறும். நீலம் வந்தது, ஆனால் வெளிர் நீலம். கணக்குப் போட்டேன். நூற்றுக்கு 6.1. மறுபடி செய்தேன். 6.0. மூன்றாம் முறை 6.2.

நான் செய்த தப்பாக இருக்கலாம். ஆனால் தோலின் நிலையும் சரியில்லை. இயந்திரத்திலிருந்து மஞ்சளாக விழுகிற தோல், இந்த அறைக்கு வருவதற்குள் வெட்டிவைத்த கத்தரிக்காய் மாதிரி கறுத்துவிடுகிறது. கறுப்பது என்றால் பாலிபீனால் காற்றில் வீணாவது என்றுதான் பொருள். சாலம்மாளிடம் சொன்னேன்.

"கறுக்கக் கூடாது, அவ்வளவுதானே சார்? நான் பாத்துக்கறேன்."

"கஷ்டம்மா அது."

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார்."

நோட்டில் எழுதினேன். நிறம்: பழுப்பு கலந்த கறுப்பு. வாசனை: இயல்பு.

மே 27

காலையில் பால் அடிப்பிடித்துப் பாத்திரம் கருகிவிட்டது. நான் அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். எஸ்தர் மாடியில் துணி காயப்போடப் போனவள் அங்கிருந்தே ஓடி வந்தாள். படிப்பில் மூழ்கிவிட்டேன் என்றேன். அவள் பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள்.

ஜூன் 2, திங்கள்

வெள்ளிக்கிழமையிலிருந்து வரும் தோல் மஞ்சளாகவே இருக்கிறது. உலர்ந்த பிறகும் எலுமிச்சை மஞ்சள். என் கையிலேயே ஒரு சந்தோஷம் ஏறியது.

நீலம் ஏறிய வேகத்தைப் பார்த்துப் பயந்தேன். 11.8.

தராசைச் சரிபார்த்தேன். கண்ணாடிக் குழாய்களை மாற்றினேன். அளவு தெரிந்த காலிக் அமிலக் கரைசலை வைத்து ஒப்பளவுக் கோட்டைப் புதிதாகப் போட்டேன். 11.9. மறுபடி 11.7. கறுப்பதைத் தடுத்ததால் வீணாகாமல் நின்ற அளவு இது. அறிவுக்குப் பொருந்துகிறது. ஏழோ ஏழரையோ வந்திருந்தால் இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும். ஆனால் மூன்று முறை செய்துவிட்டேன்.

சாலம்மாளிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க கைவேலை சார் அதெல்லாம். மூணு நாளா அந்த ரூம்லயே அசராம குந்திகினு இருக்கீங்களே, நீங்கதான் பெரிய ஆளு."

இதற்கு என்ன அர்த்தம் என்று புரியவில்லை. அதற்குள் டிராக்டர் வந்துவிட்டது. பிறகு நான் கேட்கவில்லை.

நிறம்: மஞ்சள். வாசனை: இயல்பு.

ஜூன் 3

சென்னப்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவில்லை. "பதினொண்ணே முக்கால்! சார், எனக்கு நீங்க போட்டது முப்பத்தெட்டு. எங்கப்பாரு காலேஜுக்கே வந்து உங்க முன்னாடி கைகட்டி நின்னாரு, ரெண்டு மார்க் சேத்துப் போடுங்கன்னு. போட்டீங்களா?"

"விடைத்தாளில் இல்லையே."

"அதான் சார்! அதுக்குத்தான் உங்களக் கூட்டியாந்தேன்!"

இன்னும் சில பேட்ச் பார்க்கலாம் என்றேன். அவர் அதற்குள் போனில் பெங்களூருக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனைக்கு நடந்து போனோம். எஸ்தர் தலையில் நிறையப் பூ வைத்திருந்தாள். வழியில் "பூ வாசம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன். அவள் ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

வீட்டுக்கு வந்து அவள் பூவை எடுத்து மேசைமேல் வைத்தபோதுதான் பார்த்தேன். கனகாம்பரம்.

ஜூன் 9

பேட்ச் 9. 12.1. வாசனை: இயல்பு.

இந்தக் கட்டத்தை நிரப்ப மட்டும் எப்போதும் கொஞ்சம் நேரமாகிறது.

ஜூன் 14

கேஸ் சிலிண்டரை எஸ்தர் ஆள் வைத்துப் பின்பக்கம் வெளியே மாற்றிவிட்டாள். குழாய்க்குச் சுவரில் ஓட்டை போட்டதில் வீடெல்லாம் தூசி. நானே பெருக்கினேன். ஏன் மாற்றினாய் என்று கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

பேட்ச் 18 வரை முடிந்தது. எதுவும் 11.5-க்குக் கீழே இல்லை.

மத்தியானம் சென்னப்பன் என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனார். அவர் அப்பா வைத்தது, எல்லாம் நீலம் வகை மாமரங்கள். சீசன் கடைசியில் காய்ப்பதால் இன்னும் மரத்தில் இருக்கின்றன. கிணற்று மேட்டில் உட்காரவைத்து, மரத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாருங்க சார், எப்பிடி இருக்குது!" முகர்ந்தேன். தலையாட்டினேன்.

"ஜூலை ஒம்பதாந்தேதி பத்திரப்பதிவு. வாங்கறவரு பிளாட்டு போடறாரு, மரம் நிக்காது. ஆனா மெஷினுக்கு வேற வழி இல்ல சார். பாங்க்ல என்னப் பாத்தாலே எந்திரிச்சி உள்ள போயிடறாங்க." மரங்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தோப்பா ஆலையான்னு வந்தா ஆலைதான். தோப்புல ரெண்டு காவக்காரன். ஆலைல அறுபது பொம்பளைங்க."

முழுதாக விற்க வேண்டுமா என்று கேட்டேன். குரல் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஜூன் 23

மழைத் தூறல். ஜீப் வரவில்லை. பஸ்ஸில் போனேன். இறங்கும்போது நடத்துனர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஜூன் 28, சனி

பேட்ச் 32-இன் பொடியை ஒரு மூடி போட்ட பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெங்களூருக்கு அனுப்ப வேண்டிய மாதிரி. லேபிள் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

எஸ்தர் என்னவென்று திறந்திருக்கிறாள். தும்மல் கேட்டது. இரண்டு, மூன்று.

"ஏங்க, என்ன பொடி இது? மாம்பழத்தோலுன்னு சொன்னிய?"

"ஆமா."

"இதுல எங்க மாம்பழம்? ஒரு தீப்பெட்டியை முழுசாக் கொளுத்தி மூக்குக்குள்ள வச்ச மாதிரில்லா இருக்கு."

பாட்டிலை வாங்கி மூடினேன். இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை.

ஜூன் 30

முழங்கால் வலி என்று சொல்லி ஜீப்பைத் திருப்பி அனுப்பினேன். முழங்கால் வலிக்கவில்லை.

தீக்குச்சி எரிந்தால் வருவது கந்தக வாடை. கூழ் கெடாமல் இருக்க, நிறம் மாறாமல் இருக்க, ஆலைகளில் கே.எம்.எஸ். என்று ஒரு வெள்ளைப் பொடி வைத்திருப்பார்கள். அதிலிருந்து வருவதும் இதே வாடை. அந்தப் பொடி கலந்திருந்தால் என் வினைக்கரைசல் ஏமாந்து போகும். பாலிபீனால் இல்லாவிட்டாலும் நீலமாகும். இதை நானே முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

ஆனால் சந்தேகத்தின் பேரில் எதையும் சொல்லக் கூடாது.

ஜூலை 1

கஞ்சித்தண்ணீரில் அயோடேட் உப்பைக் கலந்து வடிதாளில் நனைத்துக் காயவைத்தேன். பேட்ச் 32-ஐ அமிலத்தில் போட்டு, அந்தக் காகிதத்தை ஈரமாக்கி மேலே பிடித்தேன். கந்தகப் புகை இருந்தால் நீலமாகும்.

நீலமானது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் உடனே.

ஒரு மனிதன் மூக்கால் ஒரு நொடியில் அறிவதை நான் காகிதம் செய்து அரை நாளில் அறிந்தேன்.

ஜூலை 2, புதன்

சாலம்மாளைத் தனியாகக் கேட்டேன். தோலின் மேல் ஏதாவது போட்டீர்களா?

"பவுடர்தான் சார். கூழு கறுத்தா அதத்தானே போடறோம்? நீங்கதானே கறுக்கக் கூடாதுன்னீங்க. தண்ணியில கலக்கி ஒரு கூடைக்கு ஒரு சொம்பு தெளிப்பேன்."

"எப்போதிலிருந்து?"

"நீங்க சொன்னீங்களே, அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து." என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "ஏன் சார்? போடக் கூடாதா? உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன். அந்த நெடி மூக்கைப் பிச்சிகினு போவுமே. எங்க பொண்ணுங்க உங்க ரூம்பு வாசப்படி மிதிக்க மாட்டேங்குதுங்க. பெரிய சாரு, எல்லாம் தாங்கிகினு எழுதறாருன்னு பேசிக்குவோம்."

உங்கள் மேல் தப்பில்லை என்றேன். அதை இரண்டு முறை சொன்னேன்.

நாளை இரண்டு கூடை, பொடி தெளிக்காமல், இயந்திரத்திலிருந்து விழுந்த உடனே எனக்கு வேண்டும் என்று கேட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

விழுந்த உடனே ஓடி எடுத்துவந்து உலர்த்தினோம். கறுக்கவே இல்லை. பொடியும் இல்லை.

6.2.

6.3.

6.2.

முதல் நாள் எண்ணே சரி. கறுப்பதால் அளவு குறைந்தது என்ற என் விளக்கம் வெறும் என் ஆசை.

ஜூலை 5

சென்னப்பனுக்குப் போன் செய்தேன். "சார், ஓசூர்ல இருக்கேன், மெஷின்காரங்ககூட. நல்ல சேதிதானே?" என்றார். இல்லை என்று சொல்வதற்குள் பக்கத்தில் யாருடனோ பேசத் தொடங்கிவிட்டார். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

கூப்பிடவில்லை. கடிதமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எண்கள், முறை, பிழை ஏற்பட்ட விதம் எல்லாம் தெளிவாக எழுதினேன். படித்துப் பார்த்தால் பிழை சாலம்மாளுடையது போல இருந்தது. கிழித்தேன்.

இரண்டாம் கடிதத்தில் பிழை கருவியுடையது போல இருந்தது. அதையும் கிழித்தேன்.

ஜூலை 7

மூன்றாம் கடிதம்.

எஸ்தர் வந்து எதிரில் உட்கார்ந்தாள். "என்னத்த ரெண்டு நாளா எழுதுதிய, கிழிக்கிய?"

சொன்னேன். பொடி, நீலம், தோப்பு, ஒன்பதாம் தேதி. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும், "அவ்வளவுதானா? அந்த நெடி உங்களுக்கு ஏன் தெரியலன்னு அந்தப் பையன் கேட்டா?" என்றாள்.

நான் பேனாவை மூடினேன்.

"நாலு வருசம் ஆச்சு. அந்தக் காய்ச்சல்ல உங்களுக்கு வாசம் போனது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியளா? ஊசிப்போன சாம்பாரை ஒரு நாள் மூணு கரண்டி ஊத்திச் சாப்பிட்டிய. நான் வாயைத் திறக்கல. நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். கனகாம்பரம் வச்சுக்கூடப் பாத்தாச்சு."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா உடைஞ்சு போவியளேன்னுதான்."

இந்த நாட்குறிப்பிலும் நான் இதை எழுதியதில்லை. யார் படிக்கப்போகிறார்கள்? இருந்தும் எழுதவில்லை. மூக்கில்லாத வேதியியல்காரன் என்று ஒரு வரி. அதை எழுத நாலு வருடம் ஆகியிருக்கிறது. முப்பத்திரண்டு கட்டங்களில் 'இயல்பு' என்று எழுதியிருக்கிறேன். ஒன்றைக்கூட நான் முகரவில்லை. பொடி தெளித்தது சாலம்மாள். அது இயல்பு என்று கையெழுத்துப் போட்டது நான்.

ஜூலை 8

ஆலைக்குப் போனேன். சென்னப்பன் இல்லை. நாளை நேரே பதிவு அலுவலகத்துக்கு வந்துவிடுவாராம். போன் இரண்டு முறை அடித்து நின்றது. மூன்றாம் முறை நான் அடிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். எஸ்தர் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இப்போது யோசித்தால், அவள் வந்திருந்தால் அவளையே சொல்லவிட்டிருப்பேன்.

பதிவு அலுவலக வாசலில் வேப்ப மரத்தடியில் கூட்டம். சென்னப்பன் கரை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். தோப்பை வாங்குபவர் வெள்ளைச் சட்டையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சாரே வந்துட்டாரு! சாட்சிக் கையெழுத்துப் போட வந்தீங்களா சார்?"

கடிதத்தைக் கொடுத்தேன். "அப்புறமாப் படிக்கறேன் சார்" என்று மடித்துப் பையில் செருகினார். அதைப் படிக்காமலே உள்ளே போய்விடுவார். வாங்குபவர் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, அடுத்த டோக்கன் நம்மளுது. பன்னெண்டுக்கு ராகுகாலம் வந்துரும்."

சென்னப்பன் படியில் ஏறினார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். என் வாழ்நாளில் யாருடைய சட்டையையும் நான் இழுத்ததில்லை.

"பன்னிரண்டு இல்லை. ஆறு."

"என்ன ஆறு?"

"தோலில் இருப்பது ஆறுதான். பெங்களூர்க்காரர் வாங்க மாட்டார். தோலில் கே.எம்.எஸ். பொடி விழுந்திருக்கிறது. அதனால் எண் ஏறிவிட்டது. கறுக்கக் கூடாது என்று நான் சொன்னதால் போட்டார்கள். தப்பு என்னுடையது."

அவர் இன்னும் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. முகம் சிவக்கவில்லை, வெளுத்தது.

"கே.எம்.எஸ்.ஸா? சார், அது கொல்லைல கொட்டினா தெருவுல நெடி அடிக்கும். ஒரு மாசமா அதுக்குள்ள உக்காந்துகினு இருந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியல?"

"தெரியவில்லை. எனக்கு மூக்கு வேலை செய்யாது. நாலு வருஷமாகிறது. உங்களிடம் சொல்லாமல் இந்த வேலையை ஒத்துக்கொண்டேன்."

நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வாங்குபவர் நாற்காலியில் திரும்பிப் பார்த்தார். பத்திரம் எழுதுகிறவரும் பேனாவை நிறுத்தினார்.

"முப்பத்தெட்ட நாப்பது ஆக்குங்கன்னு எங்கப்பாரு உங்க முன்னாடி கைகட்டி நின்னாரு" என்றார் சென்னப்பன். குரல் மிகவும் தணிந்திருந்தது. "விடைத்தாள்ல இல்லன்னீங்க. அவரு வெச்ச தோப்ப விக்க வந்திருக்கேன், இப்ப ஆறைப் பன்னெண்டாப் போட்டுட்டு வந்து நிக்கறீங்க. அன்னிக்கி ரெண்டு மார்க்குக்கு எவ்ளோ கறாரு, சார்!"

அவர் படியிலிருந்து இறங்கினார்.

"சனிக்கெழம போன் பண்ணீங்களே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

உள்ளிருந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இன்னொரு முறை கூப்பிட்டார்கள். வாங்குபவர் எழுந்து, "என்ன தம்பி, நல்ல நேரம் போவுது" என்றார். சென்னப்பன் டோக்கனைப் பார்த்தார். அதை இரண்டாகக் கிழித்து, டீக்கடை வாளியில் எச்சில் கிளாஸ்களுக்கு நடுவில் போட்டார்.

"நேரம் போவட்டும்ணா."

என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வெயிலில் பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

வீட்டில் எஸ்தர் வாசலிலேயே நின்றிருந்தாள். மோர் கொடுத்தாள். உப்பு சரியாக இருந்தது. உப்பு மட்டும் எனக்கு இன்னும் தெரிகிறது.

ஜூலை 11

ஆலையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. சாலம்மாளை ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று கவலை. கறுக்கக் கூடாது என்று சொன்னது நான், அவள் மேல் பழி வரக் கூடாது என்று சென்னப்பனுக்கு ஒரு அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். நேரில் சொல்லும் தைரியம் அந்த ஒரு நாளோடு தீர்ந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். எஸ்தர் இன்று மல்லிகை வைத்திருந்தாள். அவளே சொன்னாள்: "இது மல்லி. நல்ல வாசம்."

ஜூலை 15

ஒரு கூடை மாம்பழம் வந்தது. டிரைவர் வாசலில் வைத்துவிட்டு, "மொதலாளி குடுக்கச் சொன்னாரு" என்று போய்விட்டார். சீட்டு எதுவும் இல்லை. நீலம் பழம். காம்பு ஈரமாக, அன்று பறித்தது.

ஜூலை 16, புதன்

ஜீப் வந்தது. அதில் சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். "நோட்ட எடுத்துகினு வரச் சொன்னாரு. வெள்ளிக்கெழம நோட்டீஸ் விட்ட ஆபீசருங்க வராங்க. அவங்களுக்கு உண்மையான நம்பரு காட்டணுமாம்."

"உங்களை ஏதாவது சொன்னாரா?"

"சொல்லாம? காது கிழியத் திட்டினாரு. அப்புறம் உங்க கார்டு வந்துது. படிச்சிட்டு, ரெண்டு பேரும் சேந்து என்ன மொட்ட அடிச்சிட்டீங்கன்னாரு. அதுக்கப்புறம் டீ வாங்கிக் குடுத்தாரு."

ஆலையில் சென்னப்பன் மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, நோட்டைப் பார்த்துப் பேசினார். பெங்களூர்க்காரர் வரமாட்டார். ஆனால் ஆறுக்கு வாங்கும் ஆள் சேலத்தில் இருக்கிறார், தரும் விலை குறைவு. அவருக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை, காய்ந்த தோல் போதும். ஏரிச் சரிவுக்குப் போகாமல் அன்றன்றைக்கே தார்ப்பாயில் உலர்த்த வேண்டும். கொட்டையை மாட்டுத்தீவனக்காரர் எடுக்கிறார். இது போதுமா என்று வெள்ளிக்கிழமைதான் தெரியும்.

"தோப்பு?" என்று கேட்டேன்.

"இருக்குது." நோட்டை மூடி வைத்துவிட்டு, "பழம் நல்லாருந்துச்சா சார்?" என்றார்.

இனிப்பாக இருந்தது என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது என்பதும் அவருக்கு இப்போது தெரியும். தலையாட்டினார்.

"நெடி தெரியாத ஆள வெச்சி லேப் நடத்தினேன்னு வெளிய சொன்னா ஊரே சிரிக்கும்" என்றார். "சொல்லிக்குங்க. நாளைக்கி எட்டரைக்கு ஜீப் வரும்."

ஜூலை 17, வியாழன்

காலையில் முதல் வேலையாக நோட்டைத் திறந்தேன். பேட்ச் 1 முதல் 32 வரை வாசனைக் கட்டத்தில் இருந்த 'இயல்பு' ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'முகரவில்லை' என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்தும் தேதியும் போட்டேன். அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காக ஒற்றைக் கோடு. ஒரு மணி நேரம் ஆனது. கை வலிக்கிறது.

பிறகு கட்டத்தை இரண்டாகப் பிரித்து, 'முகர்ந்தவர்' என்று ஒரு தலைப்புச் சேர்த்தேன்.

சாலம்மாளைக் கூப்பிட்டேன். வாசற்படியிலேயே நின்றாள். இன்று நெடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தாள். உலர்த்திய தோலை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன்.

"நான் என்னாத்த சார் சொல்றது? நான் படிக்கல."

"என்ன வாசம் வருகிறதோ அதைச் சொல்லுங்கள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்."

தட்டை மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்காக இல்லை, வேலைக்காக முகர்ந்தாள். நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள். நான் பேனாவுடன் காத்திருந்தேன்.

பேட்ச் 33. நிறம்: மஞ்சள், ஓரங்களில் பழுப்பு. வாசனை: பிஞ்சை ஒடித்தால் வரும் பால் வாடை, பிறகு கொஞ்சம் தேன், கடைசியில் மழை பெய்த வைக்கோல். முகர்ந்தவர்: சாலம்மாள். ஈரம்: 9. எடை: 50 கிராம். அளவு: 6.2.